வேங்கிக்கால் வீட்டில் ஆறு மணி வகுப்பு

நான் யார் வீட்டுக்கும் போய்ச் சொல்லித் தருவதில்லை. செங்கம் ரோட்டில் ஒரு மெஸ்ஸுக்கு மேலே மாடியில் ஒரே அறை. மூன்று கீபோர்டு, நான்கு கிட்டார், சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகள் பள்ளி விட்டதும் யூனிஃபார்மோடு படியேறி வருவார்கள். முதல் மாதம் முழுக்க விரல்களுக்கு எண் சொல்லித் தருவதிலும், கிட்டார் கம்பி அழுத்தி விரல் நுனி எரிகிறது என்று அழுகிறவர்களைச் சமாதானப்படுத்துவதிலும் போய்விடும். சென்னையில் படித்தபோது கல்லூரி இசைக்குழுவில் வாசித்தேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்றுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன், அப்படியே இருபது பேர் ஆகிவிட்டார்கள்.

வேங்கிக்காலிலிருந்து ஒரு பெண் போன் செய்தபோதும் வீட்டுக்கு வரமாட்டேன் என்றுதான் சொன்னேன்.

"ஒரே பொண்ணுதாங்க மிஸ். எட்டு வயசு. கீபோர்டு வீட்லயே இருக்கு. நீங்க வந்தாப் போதும்."

"இங்க கூட்டிட்டு வாங்களேன். மத்த பசங்களோட சேந்து கத்துக்குவா."

"வெளிய அனுப்ப மாட்டாங்க மிஸ்." குரலைத் தாழ்த்தினாள். "ஆறுலேர்ந்து ஏழு. அந்த டைம்தான் வேணும். அஞ்சு வேணாம்."

என் வீடும் வேங்கிக்கால் பக்கம்தான். வகுப்பு முடிந்து போகிற வழி. ஒரு மாதம் பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டேன்.

கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால், புதிதாக மனை பிரித்த இடத்தில் தனியாக நின்றது அந்த வீடு. சுற்றிலும் எல்லைக்கல் நட்ட காலி மனைகள், அங்கங்கே முள்ளுச்செடி. அந்த மனைகளை விற்கிறவர்தான் அந்தப் பெண்ணின் கணவர். கேட்டில் ஒரு கேமரா, போர்ட்டிகோவில் ஒன்று. உள்ளே போனால் ஹாலிலும் ஒன்று, சரியாகக் கீபோர்டு இருந்த மூலையைப் பார்த்தபடி. இந்தக் காலத்தில் யார் வீட்டில்தான் கேமரா இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். மெதுவாகப் பேசுவாள். சிரிக்கும்போது உதட்டைக் கையால் மறைத்துக்கொள்வாள். மகள் அவளைவிட அமைதி. ஆனால் நல்ல கெட்டிக்காரி. வலது கையும் இடது கையும் தனித்தனியாக வேலை செய்வதற்கு மற்ற பிள்ளைகளுக்கு மூன்று மாதம் ஆகும், இவளுக்கு மூன்று வாரத்தில் வந்துவிட்டது. ஒரே குறை, சத்தத்தைக் கூட்டவே மாட்டாள். நான் கூட்டி வைத்தால் அடுத்த பாடத்துக்குள் குறைத்திருப்பாள்.

"கம்மியா இருந்தா உனக்கே கேக்காதே," என்று ஒருநாள் சொன்னேன்.

"எனக்குக் கேக்குது மிஸ்," என்றாள்.

கேட்கத்தான் செய்தது. ஆறரை மணி சுமாருக்கு, ஒரு வரியின் நடுவில் அவள் கை நின்றுவிடும். எனக்கு எந்தச் சத்தமும் கேட்டிருக்காது. அரை நிமிடம் கழித்துத்தான் தெருமுனையில் கார் திரும்புவது என் காதுக்கு எட்டும்.

கார் அவள் அப்பாவுடையது. நாற்பது வயதுக்காரர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. உள்ளே வந்ததும் எனக்கு வணக்கம் சொல்வார். பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் நண்பர்களோடு சேர்ந்து அன்னதானம் போடுகிறவர். ஊரில் நல்ல பேர். என் கணவர் வேலை பார்க்கும் லாட்ஜிலேயே அவரைத் தெரியாதவர்கள் இல்லை.

"இன்னைக்கு ரெண்டாவது பாட்டுல மூணு தடவ தப்புப் பண்ணினா போல?" என்றார் ஒருநாள் என்னிடம், செருப்பைக் கழற்றியபடி.

அவர் அப்போதுதான் வீட்டுக்குள் நுழைகிறார். அவர் கையிலிருந்த போனைக் காட்டினார். அதில் ஹால் தெரிந்தது. ஹாலில் நின்றுகொண்டிருக்கும் நானும் தெரிந்தேன்.

"எங்க இருந்தாலும் பாத்துக்கிட்டே இருப்பேன் மேடம். குடும்பம்னா அப்படித்தான இருக்கணும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தப் பெண் காபி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவர் பேசி முடிக்கும்வரை அவள் வாசலைத் தாண்டி வராததைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஏழு மணிக்கு நான் எழுந்தால் அவள், "இன்னும் ஒரே ஒரு பாட்டு மிஸ்," என்பாள். ஏழே கால் ஆகும். "நாளைக்கு ஸ்கூல்ல கேப்பாங்க, அதையும் ஒரு தடவ பாத்துடுங்க," என்பாள். ஏழரை ஆகும். படிப்பில் இவ்வளவு அக்கறை உள்ள தாய் என்று முதலில் நினைத்தேன். பிறகு எரிச்சல் வந்தது. வாரத்துக்கு இரண்டு நாளாக இருந்ததை எல்லா நாளும் வரமுடியுமா என்று கேட்டபோது, முடியாது என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அவள் தலையாட்டினாள். அந்த வாரம் மகளின் வலது கை மோதிர விரலில் துணி சுற்றியிருந்தது.

"என்னாச்சும்மா?"

"கதவுல மாட்டிக்கிச்சு மிஸ்."

என்னைப் பார்க்காமல், கேமராவைப் பார்த்துச் சொன்னாள்.

ஒரு வியாழக்கிழமை ஏழு மணிக்குக் கிளம்பி ரிங் ரோடு வரைக்கும் போன பிறகுதான் படிக்கப் போடும் கண்ணாடியை அங்கேயே வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. ஸ்கூட்டரைத் திருப்பினேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. காலி மனைகளைத் தாண்டும்போதே சத்தம் கேட்டது. கீபோர்டு சத்தம். முழு வால்யூமில்.

அந்தக் கீபோர்டில் டெமோ என்று ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் டிரம்ஸ், டிரம்பெட் எல்லாம் சேர்ந்து தானாகவே ஒரு குதூகலமான பாட்டு ஓடும். கடையில் விற்பதற்காக வைத்தது. பிள்ளைகள் விளையாட்டுக்கு அழுத்துவார்கள். அந்த வீட்டில் அதுவரை யாரும் அழுத்தி நான் கேட்டதில்லை. இப்போது அது ஓடிக்கொண்டிருந்தது. முடிந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் அமைதி. அந்த அமைதியில் ஏதோ விழுகிற சத்தமும், ஒரு முனகலும். உடனே மறுபடி டெமோ ஆரம்பித்தது.

கேட்டின் மேல் கை வைத்தபடி நின்றேன். காலிங் பெல் என் தோளுக்கு நேராக இருந்தது. மூன்று தடவை அந்தப் பாட்டு முடிந்து ஆரம்பித்தது. நான் பெல்லை அடிக்கவில்லை. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே தெருமுனைவரை போய், அங்கேதான் ஸ்டார்ட் செய்தேன். வண்டிச் சத்தம் அவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று அப்போது தோன்றியது.

கணவரிடம் சொன்னேன். அவர் சட்டையை மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"கண்ணால பாத்தியா?"

"இல்ல. கேட்டேன்."

"அந்த ஆள் பெரிய இடம். பாக்காதத வெச்சு நாம என்ன பேச முடியும்? கிளாஸ நிறுத்திடு, அவ்ளோதான்."

நிறுத்திவிடலாம் என்றுதான் சனிக்கிழமை போனேன். அந்தப் பெண் வழக்கத்துக்கு மாறாக மகளுக்குப் பக்கத்தில் வந்து, கேமராவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். வெயில் காலத்தில் முழுக்கை ஜாக்கெட் போட்டிருந்தாள். மடியில் பாட்டு நோட்டு விரித்திருந்தது.

"பாப்பா, சவுண்டு வெச்சு வாசி. நிறுத்தாத," என்றாள்.

சிறுமி முதல்முறையாகத் தானே வால்யூமைக் கூட்டினாள். ஸ்வர வரிசையான ஸ்கேலை மேலும் கீழுமாக வாசிக்கத் தொடங்கினாள்.

"மிஸ், என்னப் பாக்காதீங்க. அவ கையப் பாருங்க." நோட்டைப் பார்த்தபடியே, உதடு அசைவது தெரியாமல் பேசினாள். "அன்னைக்குக் கேட்டாண்ட வந்து நின்னீங்க."

என் காது சூடாயிற்று.

"அவரு கேமராவுல பாத்தாரு. 'உன் மிஸ்ஸு வந்து நின்னுட்டுப் போறா, பாத்தியா, யாரும் உள்ள வர மாட்டாங்க'னு சொன்னாரு."

சிறுமியின் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

"உங்களத் தப்பாச் சொல்லல மிஸ். வெளி ஆளுங்க இருந்தா அவரு கை நீட்ட மாட்டாரு. பேரு முக்கியம். வந்த ஒடனேதான் ஜாஸ்தி. ஒரு மணி நேரம் தள்ளிட்டா குளிச்சிட்டு சாப்ட்டு போன்ல உக்காந்துடுவாரு. சில நாள் தப்பிச்சிடுவோம். அதுக்குத்தான் உங்களக் கூப்புட்டேன்."

"அந்த டெமோ?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அவருதான் போடச் சொல்வாரு. பாப்பாதான் போடணும். முடிஞ்சா மறுபடி போடணும்."

இரண்டு மாதமாக நான் அந்தக் குழந்தைக்கு ஏதோ சங்கீதம் கற்றுத் தருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"போலீசுக்கு..."

"ஒருதரம் போனேன். அவருக்குத்தான் சேர் போட்டாங்க." நோட்டில் ஒரு பக்கம் திருப்பினாள். "கீபோர்டு ரிப்பேர்னு சொல்லி எடுத்துட்டுப் போங்க மிஸ். பையோட."

அன்று ஆறரை மணிக்கு அவர் வந்தபோது, இரண்டு கட்டை சரியாக எழும்பவில்லை, பார்த்து எடுத்து வருகிறேன் என்று நானே சொன்னேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். அவர் குனிந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தார். எல்லாமே எழும்பின.

"எனக்கு நல்லாத்தான இருக்கு மேடம்?"

"வேகமா வாசிச்சாத்தான் தெரியும் சார்."

பிறகு அவரே பையில் வைத்து ஜிப் போட்டு, என் ஸ்கூட்டரில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொடுத்தார். பையின் முன்பக்க அறையில், பாட்டுப் புத்தகத்துக்கு நடுவில், ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்ததை மாடி அறைக்குப் போய்த்தான் பார்த்தேன். அவளுடைய டிகிரி சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், இரண்டு ஆதார் அட்டை, கை எக்ஸ்ரே ஒன்று. அவர் ஜிப் போட்டபோது அந்தக் கவருக்கும் அவர் விரலுக்கும் ஒரு துணிதான் இடைவெளி. கவரை எடுத்து ஒரு கிட்டார் பைக்குள் வைத்தேன்.

அடுத்த மூன்று வாரம் பயந்துகொண்டேதான் போனேன். கீபோர்டைத் திருப்பிக் கொடுத்தேன். சிறுமிக்குக் கீபோர்டில் முதல் கிரேடு தேர்வு வருகிறது, மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒருமுறையாவது வாசித்துப் பழக வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். அவள் சொல்லிக்கொடுத்தபடி பௌர்ணமியன்று மத்தியானத்தைச் சொன்னேன். அன்று அவர் அன்னதானப் பந்தலில் இருப்பார். ஊரே ஜனமாக இருக்கும். செங்கம் ரோட்டில் தற்காலிக பஸ் ஸ்டாண்டு போட்டிருப்பார்கள், என் அறையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். பெங்களூர்ப் பக்கம் போகிற பஸ்கள் அங்கிருந்தே கிளம்பும்.

"எங்க போறீங்க?" என்று ஒருநாள் ஸ்கேலுக்கு நடுவில் கேட்டேன்.

"நீங்க தெரிஞ்சிக்காதீங்க மிஸ். கேட்டா தெரியாதுனு சொல்றது நெஜமா இருக்கட்டும்."

வழக்கமாகப் பௌர்ணமிக்கு வகுப்பு கிடையாது. அன்று மட்டும் இன்னும் நாலு பிள்ளைகளை வரச்சொல்லியிருந்தேன். மூன்று மணிக்கு அவரே காரில் இருவரையும் கொண்டுவந்து விட்டார். விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் படியேறி மேலே வந்தார்.

அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலருகே போய் வெளியே எட்டிப் பார்த்தார். கீழே சாலையில் அண்ணாமலையாருக்கு அரோகரா என்று கத்திக்கொண்டு ஒரு கூட்டம் போனது.

"வேற வழி கிடையாதா மேடம் எறங்குறதுக்கு? ஒரே படிதானா?"

"ஒரே படிதான் சார்."

"சின்னப் பசங்க வர்ற எடம். தீ கீ புடிச்சா என்ன பண்ணுவீங்க?" சொல்லிவிட்டுப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். "வாசிக்கச் சொல்லுங்க. கேட்டுட்டுப் போறேன்."

கிட்டார் வைக்கும் மூலையில், ஒரு கிட்டார் பைக்குள் அந்தப் பிளாஸ்டிக் கவரும் அவர்களுக்காக நான் வாங்கிவைத்த இரண்டு செட் உடுப்பும் இருந்தன. அவருடைய முழங்கால் அந்தப் பைக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. அந்தப் பெண் பையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிறுமி கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தாள். தேர்வுக்கு மூன்று பாட்டு. மூன்றையும் வாசித்தாள். ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. என் வகுப்பில் அதற்கு முன்னாலும் பின்னாலும் எந்தப் பிள்ளையும் அப்படி வாசித்து நான் கேட்டதில்லை. எனக்குப் பெருமையாக இல்லை. எட்டு வயதுக் குழந்தைக்கு இவ்வளவு கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அவர் கைதட்டினார். மற்றப் பிள்ளைகளும் தட்டினார்கள். "அஞ்சு மணிக்கு வர்றேன்," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கார் நகர்ந்து கூட்டத்தில் மறைகிற வரைக்கும் யாரும் அசையவில்லை.

அந்தப் பெண் தன் போனை சைலண்டில் போட்டுக் கீபோர்டு ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தாள். அது அங்கேயே இருக்க வேண்டும், அது இருக்கிற இடத்தை அவர் தன் போனில் பார்ப்பார் என்றாள். கிட்டார் பையைத் தோளில் மாட்டினாள். என் கையை ஒருமுறை பிடித்தாள். மகளோடு படியிறங்கினாள். சிறுமி மட்டும் படியில் இரண்டு அடி இறங்கிவிட்டுத் திரும்பி வந்து, கீபோர்டின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனாள்.

ஜன்னலில் நின்று பார்த்தேன். வெறுங்காலோடு நடக்கும் ஜனங்களுக்கு நடுவில் அந்தக் கறுப்புப் பை கொஞ்ச தூரம் தெரிந்தது.

பிறகு நாலு பிள்ளைகளுக்கும் பாடம் நடத்தினேன். எதை நடத்தினேன் என்று ஞாபகமில்லை. நாலரை மணியிலிருந்து ஸ்டாண்டுக்கு அடியில் அந்தப் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே படியில் காலடி கேட்டது.

அவர் அறையைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.

"எங்க மேடம்?"

"கெளம்பிட்டாங்க சார்."

"எங்க?"

"தெரியாது."

அவர் கத்துவார், அடிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் பிள்ளைகளை என் பின்னால் நிறுத்தியிருந்தேன். அவர் கத்தவில்லை. மகள் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அணைந்திருந்த கீபோர்டின் ஒரு கட்டையை விரலால் அழுத்தி அப்படியே வைத்துக்கொண்டார். ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. கீழே ஒரு அப்பா பைக் ஹாரன் அடித்தார். அதற்குப் பிறகுதான் எழுந்தார்.

"நல்லாச் சொல்லிக் குடுக்குறீங்க மேடம்," என்றார்.

மறுநாள் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். கணவரும் கூடவே வந்தார். அங்கிருந்த பெண் அதிகாரி, அந்தப் பெண் வேறொரு ஊரில் தானாகவே போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள் என்றார். பார்த்ததைச் சொன்னேன், கேட்டதையும் சொன்னேன், பெல் அடிக்காததையும் சொன்னேன். அதை எழுதும்போது அவர் பேனா ஒரு கணம் நின்றது, பிறகு தொடர்ந்தது.

அதற்குப் பிறகு தினமும் நாலு மணிக்கு மெஸ்ஸுக்கு எதிரே அந்தக் கார் வந்து நிற்கும். அவர் இறங்க மாட்டார். கண்ணாடியை இறக்கிவிட்டு, படியேறுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏழு மணிக்குப் போவார். ஸ்டேஷனில் சொன்னேன். ரோட்டில் வண்டி நிறுத்துவதை எப்படித் தடுப்பது என்றார்கள். முதலில் இரண்டு பிள்ளைகள் வகுப்புக்கு வராமல் நின்றார்கள், பிறகு ஐந்து. ஒரு அம்மா, "தப்பா நெனைக்காதீங்க மிஸ், எங்களுக்கும் பயமா இருக்குது," என்று சொல்லிவிட்டுப் போனாள். தப்பாக நினைக்கவில்லை. லாட்ஜில் விடுப்பு போட்டுவிட்டு என் கணவர் மூன்று வாரம் அந்தப் படியின் அடியில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். நாம என்ன பேச முடியும் என்று அதற்குப் பிறகு அவர் சொன்னதில்லை. கடைசியில் கட்டடத்தின் சொந்தக்காரரே வந்து, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஊரின் இன்னொரு பக்கம், ஒரு சந்துக்குள் அறை பிடித்தேன். வாசலில் போர்டு வைக்கவில்லை. ஏழு பிள்ளைகளோடு மறுபடி ஆரம்பித்தேன்.

போன மாதம் கோர்ட்டில் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். வராந்தாவில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். எங்கோ ஒரு கம்பெனியில் வேலை, தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறோம் என்றாள். மகள் உயர்ந்திருந்தாள். வாய்விட்டுப் பேசினாள்.

"நான் கீபோர்டு விட்டுட்டேன் மிஸ்."

"பரவால்லடா. இப்ப என்ன பண்ற?"

"கபடி. ஸ்கூல் டீம்ல இருக்கேன். கத்திக்கிட்டே இருக்கலாம்."

அவள் முழங்காலில் ஆறாத சிராய்ப்பு இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இது நெஜமாவே வெளையாடுனது," என்றாள்.

கேஸை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அவர்களை வக்கீல் வேறு வழியாக அழைத்துப் போன பிறகு நான் படியிறங்கினேன். அவர் கீழே மரத்தடியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அதே வெள்ளைச் சட்டை. என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டுக் கைகூப்பினார்.

"வணக்கம் மேடம். சந்து ரொம்பக் குறுகல் போல. பசங்க வர்றதுக்குக் கஷ்டமா இல்ல?"

கணவருக்குப் போன் செய்து, வந்து அழைத்துப் போகச் சொன்னேன். அன்று நாலு மணிக்கு வகுப்பு இருந்தது. ஏழு பேரும் வந்தார்கள். சந்துப் பக்கத்துக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, முதல் விரலிலிருந்து ஐந்தாம் விரல் வரை எண்ணச் சொல்லிப் பாடத்தைத் தொடங்கினேன்.